தகப்பன் பெயர்: ஏழுமலை

“அந்த ‘மகன்’ங்கிற வார்த்தை இல்லாம எழுத முடியாதுங்களா?”

என் அப்பா இப்படிக் கேட்டதும் மனு எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மரக்காணத்தில் ஓர் அலுவலகத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேசைக்கு ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் நான். எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடைவெளியை அப்பாதான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் ஓர் அடி நெருங்கினால் அவர் ஓர் அடி நகர்ந்தார்.

அந்த வார்த்தை இல்லாமல் எப்படி எழுதுவது, இவர் உங்களுக்கு யார் என்றாவது சொல்லுங்கள் என்றார் மனு எழுதுகிறவர்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் யாராக இருக்கக்கூடும் என்று யோசிக்கிற பார்வை.

“நம்ம உப்பளத்துல வேலை செய்ற பையன்,” என்றார்.

“வேலை செய்ற பையனுக்குக் குழந்தை பொறந்தா, ஆஸ்பத்திரியில உங்க பேரை ஏங்க குடுத்தீங்க?”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் மகளுக்கு நாற்பது நாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. என் அப்பாவின் பெயர் இருந்தது. அதை மாற்றத்தான் போயிருந்தோம். பெயர் கொடுத்தவரே வந்து, நான் சொன்னது தவறு, குழந்தையின் தகப்பன் என் மகன்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் மாற்றுவோம் என்று உள்ளே சொல்லிவிட்டார்கள்.

அப்பாவோ எனக்கு மகனே கிடையாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

கண்ணாடிக் குழாய்ப் பெட்டியில் ஒரு கடிதம்

ஸ்டெல்லாவும் நானும் மாலை மாற்றிக்கொண்ட கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா எங்கள் பக்கத்து உப்பளத்துக்கு வேலைக்கு வந்த பெண். பிளஸ் டூ முடித்தவள். கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். கூலிக்கு வந்தவள், வேறு மதம், வயதில் பெரியவள் என்ற மூன்றில் எது பெரிய குற்றம் என்று அப்பா இதுவரை சொன்னதில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, பையனுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும், மூன்று வருஷம் கழித்து வா தம்பி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் காத்திருக்கிற வயதா அது? அனுமந்தைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துக் குடியேறிவிட்டோம்.

இதில் அப்பாவை மட்டும் வில்லனாக்கினால் அது அநியாயம். நானும் அப்படியொன்றும் யோக்கியன் இல்லை.

வீட்டில் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கடிதம் எழுதினேன். உப்புத் தண்ணீரின் டிகிரி பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்போம். தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்த்தால் உப்பு விளையும் பதம் தெரிந்துவிடும். அந்தக் குழாயின் பெட்டிக்குள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஓடிவிட்டேன். காலையில் அப்பாதான் முதலில் அந்தப் பெட்டியைத் திறப்பார், தனியாகப் படித்துக்கொள்வார் என்பது என் கணக்கு.

அப்பாவுக்குக் கண்ணாடி போடாமல் எழுத்து தெரியாது என்பதை மறந்துவிட்டேன். அப்போது அவரிடம் கண்ணாடியே இல்லை என்பதையும் மறந்துவிட்டேன்.

ஏதோ கம்பெனிக்காரன் காகிதம் என்று நினைத்து, லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் நல்ல கணீர்க் குரலில் படித்திருக்கிறார். அன்புள்ள அப்பாவுக்கு என்று தொடங்கி இப்படிக்கு உங்கள் மகன் சரவணன் என்பது வரைக்கும், பதினைந்து பேர் உப்புக் கூடையோடு நின்று கேட்டிருக்கிறார்கள். என் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் உப்பளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரோ வாயைக் கிளறியதற்குத்தான் அப்பா, எனக்குப் பையனே இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது யோசித்தால் அவர் சொன்னது குறைச்சல்தான். என் மகள் எனக்கு இப்படியொரு கடிதம் வைத்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

எஞ்சினிடம் பேசியவர்

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆனால் தை பிறந்துவிட்டது. மழைக்காலத்தில் ஊறிக் கிடந்த பாத்திகளின் களிமண்ணை வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வருஷம் முழுக்க மண் கலந்த உப்புதான். மிதிக்க ஆள் கிடைக்கவில்லை. அம்மா ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். நான் போய் வரிசையின் கடைசியில் நின்று மிதிக்கத் தொடங்கினேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மகன் இல்லை, ஆனால் வேலையாள் உண்டு என்று ஆனது.

பேச்சுதான் கிடையாது. அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின் ஒன்று வரப்பு ஓரத்தில் நிற்கும். அதனிடம் பேசுவார்.

“ரெண்டாவது பாத்தியில தண்ணி வத்திப்போனது சில பேரு கண்ணுக்குத் தெரியல போலருக்குது,” என்பார் எஞ்சினிடம். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. உனக்கு நேரத்துக்கு டீசல் ஊற்றுகிறார்கள், எங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க நாதியில்லை என்று ஒரு நாள் நானும் எஞ்சினிடம் சொன்னேன். கூட இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு டீ வந்தது. யார் சொல்லி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த எஞ்சின் மட்டும் இல்லையென்றால் எங்கள் குடும்பம் என்னவாகியிருக்குமோ.

உப்புச் சத்துக் குறைவு

மகள் பிறந்தது கத்திரி வெயிலில். விடியலுக்கு முன்பே இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. பதினொரு மணி வாக்கில் ஒருவர் வண்டியில் வந்து, ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றார். முழங்கால் வரை உப்பு பூத்த கால்களோடு அப்படியே ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மினி லாரி வந்து நின்றது. அம்மா குதித்து இறங்கி உள்ளே போனாள். அப்பா இறங்கவில்லை. பிறகு இறங்கினார், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. பெண்டாட்டியை இறக்கிவிடத்தான் வந்தேன் என்று வாட்ச்மேனிடம் இரண்டு முறை சொன்னாராம். வாட்ச்மேன் எதுவும் கேட்கவே இல்லை.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் பழைய புடவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, பெண் குழந்தை, பார்த்துக்கோ என்றார். சிவந்த முகம், இறுக மூடிய கண்கள், கைவிரல்கள் ஒவ்வொன்றும் அரிசியளவு நகத்தோடு. இதற்கு நான்தான் அப்பா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைவு. அடுத்து நான் பார்த்தது மின்விசிறியை. பெஞ்சில் மல்லாந்து கிடந்தேன். வெயிலில் வேர்த்து உடம்பில் உப்புச் சத்து குறைந்துவிட்டது என்று சொல்லி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். உப்பளத்துக்காரனுக்கே உப்புச் சத்து இல்லையாம் என்று அந்த வார்டு முழுக்கச் சிரித்தது.

நான் இப்படிக் கிடந்த நேரத்தில்தான் பதிவு எழுதுகிறவர் குழந்தையின் விவரம் கேட்டு வந்திருக்கிறார். அம்மா ஸ்டெல்லாவின் பக்கத்தில் இருந்தாள். கேட்டில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்ன சொன்னார் என்று அன்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்க்காமலே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அதன் பிறகு வேறு கவலைகள். உப்பு வாரிய கை எல்லாம் வெடித்து மரப்பட்டை மாதிரி இருக்கும். நான் தொட்டாலே குழந்தை வீறிடும். மூன்று முறை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, ஸ்டெல்லாவிடம் காட்டி, அவள் சரி என்றால்தான் குழந்தை கைக்கு வரும். மற்றவர்கள் முன்னால் என்னை ஏங்க என்று கூப்பிடுகிறவள், அறைக்குள் வந்தால் டேய்தான்.

கவர்மென்ட்டு சொல்லுது

சான்றிதழை வாங்கி வந்த அன்று அதை முதலில் படித்தவள் ஸ்டெல்லா. ஒரு முறை படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

“டேய், இங்க வா. இதுல உன் பேரு இல்ல.”

தகப்பன் பெயர், ஏழுமலை. தாய் பெயர், ஸ்டெல்லா. அரசாங்க முத்திரை வேறு பளிச்சென்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனதில் பட்டது ஒன்றுதான். மகன் இல்லை என்று வாயால் சொன்னவர், இப்போது காகிதத்திலும் என்னை இல்லாமல் ஆக்கிவிட்டார். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். மயங்கிக் கிடந்த நேரம் பார்த்து என் குழந்தையின் பதிவிலிருந்து என்னை அழித்துவிட்டார். அன்று அவர் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவ்வளவு கோபம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும், கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். ஒரு வருஷமாக அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு. சிரித்து முடித்ததும் இது வெளியே தெரிந்தால் என்னவாகும் என்ற பயம் வந்து, காகிதத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றிவிட்டுச் சொன்னாளாம்.

“உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம். கவர்மென்ட்டே சொல்லுது.”

மூன்று நாள் அப்பா டீக்கடைப் பக்கம் போகவில்லை. மானம் போய்விட்டது என்று என்னைத் தலைமுழுகிய மனிதர், அதைவிடப் பெரிய மானக்கேட்டைத் தன் வாயாலேயே பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். மருமகள் பெற்ற பிள்ளைக்கு மாமனார் தகப்பன் என்று எழுதியிருந்தால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்த ஆளைப் பிடித்து, சத்தமில்லாமல் பெயரை மாற்றப் பார்த்திருக்கிறார். முடியாது, நேரில் வந்து எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காம் நாள் எங்கள் அறைக்கு முன்னால் வந்து நின்றார். எஞ்சின் இல்லாததால் என் சைக்கிளைப் பார்த்துப் பேசினார். நாளைக்கு ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்குமாம் என்றார்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை.

“மாமா, நான் உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல. எம் புள்ளைக்கு அப்பா யாருன்னு சரியா எழுதிக் குடுங்க. அது போதும்.”

அப்பா சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு தகவல். இந்தத் தொடர் வருகிற அன்று முதல் ஆளாகக் கடைக்குப் போய் வாரப் பத்திரிகை வாங்கி வருவது என் அப்பாதான். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். பொம்மையார்பாளையம் விடுதிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற என் காரில், முன் இருக்கையில் உட்கார்ந்து படித்துவிட்டு, உனக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கலையா என்பார். போன வாரம், கோயிலின் பெயரை ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

ஒரு வரி போதும்

மறுபடியும் வேப்பமரத்தடிக்கு வருகிறேன்.

மனு எழுதுகிறவர் பொறுமைசாலி. வேலைக்காரப் பையன் என்று எழுதினால் உள்ளே வாங்க மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். தெரிந்த பையன் என்று போடலாமா என்று அப்பா கேட்டார். முடியாது. உறவுக்காரப் பையன்? என்ன உறவு என்று கேட்பார்கள். நான் வெயிலில் நின்று என் அப்பா எனக்கு வேறு வேறு உறவு தேடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மனு எழுதுகிறவர், அந்த இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தவறு எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். மறதியால் என்று எழுதவா, பதற்றத்தால் என்று எழுதவா என்று கேட்டார்.

“மறதியெல்லாம் இல்லீங்க,” என்றார் அப்பா.

“அப்ப எப்படி நடந்துச்சு?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“இவனைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப தகப்பன் பேரு கேட்டாங்க. ஏழுமலைன்னு சொன்னேன். மரத்துலருந்து வுழுந்து கைய ஒடைச்சுக்கிட்டான், ஆஸ்பத்திரியில கேட்டாங்க. சொன்னேன். லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டி மாட்டிக்கிட்டான், ஸ்டேஷன்ல கேட்டாங்க. அங்கயும் சொன்னேன். எங்க போனாலும் இவனுக்காக நின்னு எம் பேரைத்தான் சொல்லிட்டு வர்றேன். அன்னிக்கு இவன் உள்ள மயங்கிக் கெடக்கிறான்னு சொன்னாங்க. ஓடுனேன். ஒருத்தர் தகப்பன் பேரு என்னான்னு கேட்டாரு. சொல்லிட்டேன். இவன் ஒரு தகப்பன் ஆயிட்டான்னு அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்லீங்க.”

மனு எழுதுகிறவர் குனிந்து, ‘பழக்கத்தின் காரணமாக’ என்று எழுதினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம். பெயர் கொடுக்கக் கூப்பிட்டதால்தான் அப்பா கேட்டைத் தாண்டி வந்தார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். நான் விழுந்துவிட்டேன் என்று கேட்டதும் ஓடி வந்திருக்கிறார். என்னை அழிப்பதற்காகச் சொன்ன பெயர் என்று நாற்பது நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் திட்டிய திட்டுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

“அந்த மேல விட்ட எடத்துல என்னா போடட்டுங்க?” என்று கேட்டார் மனு எழுதுகிறவர்.

“மகன்னே போடுங்க,” என்றார் அப்பா.

கீழே கையெழுத்துப் போட்டார். ஏழுமலை என்ற நாலு எழுத்தை ஒவ்வொன்றாக, அழுத்தி, மேசை ஆடுகிற அளவுக்குப் போட்டார்.

உள்ளே கூட்டம். சுவர் ஓரமாக ஒரு நீள பெஞ்ச். முதலில் நான் உட்கார்ந்தேன். அப்பா இடம் தேடுவது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வேட்டியில் டீசல் வாசனை அடித்தது. குழந்தை யார் ஜாடை என்று திடீரென்று கேட்டார். அம்மா ஜாடை என்று சொன்னேன். எந்த அம்மா என்றார். உங்க பெண்டாட்டி என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார்.

அப்போது உள் அறையிலிருந்து ஓர் அம்மா பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஸ்டெல்லா குழந்தை. அப்பா யாருங்க? வந்து கையெழுத்துப் போடுங்க.”

நாங்கள் இரண்டு பேருமே எழுந்து நின்றோம்.

அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தார். மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“போடா. உன்னத்தான் கூப்புடறாங்க,” என்றார்.